மவுஸை ஆட்டினாத்தான் மெஷின் ஓடும்!

ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா சென்னையில எங்கே கூட்டிட்டுப் போவீங்க? மெரினா, வண்டலூர், மாமல்லபுரம், கடைசியா ஏதாவது ஒரு மால். சரிதானே? இந்த வாரம் நான் உங்களைக் கூட்டிட்டுப் போற ரெண்டு இடமும் எந்த டூரிஸ்ட் மேப்லயும் இருக்காது. ஒண்ணு, அம்பத்தூர் எஸ்டேட். இன்னொண்ணு, ரிச்சி ஸ்ட்ரீட். இந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிற பாலம் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுக்குள்ளே இருக்கிறது டாஸ்.

டாஸ்மாக் இல்லை பாஸ், டாஸ்! கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து, ஒரு கர்சர் மட்டும் மின்னிக்கிட்டே இருக்குமே, அதே டாஸ்தான். 'அதெல்லாம் அப்பா காலத்து சமாச்சாரமாச்சே, இப்பவும் யாராவது யூஸ் பண்றாங்களா?'ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் கேட்டேன். இன்பிளான்ட் ட்ரெயினிங்னு சொல்லி காலேஜ்ல ஒரு லெட்டர் கொடுத்து அம்பத்தூருக்கு அனுப்பினாங்க. பதில் அங்கே ஒரு தகர ஷெட்டுக்குள்ளே காத்துக்கிட்டு இருந்தது.

பட்டரவாக்கத்துல இறங்குங்க!

சென்ட்ரல்லேர்ந்து ஆவடி, அரக்கோணம் பக்கம் போற லோக்கல் ட்ரெயின்ல ஏறினா பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் தாண்டி வர்ற ஸ்டேஷன் பட்டரவாக்கம். காலையில எட்டு மணிக்கு இங்கே இறங்கறவங்களைக் கொஞ்சம் கவனிங்க. பாதிப் பேர் கழுத்துல ஐ.டி. கார்டு. மீதிப் பேர் கையில தூக்குவாளி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ரெண்டு கூட்டமும் ரெண்டு பக்கமாப் பிரியும். ஐ.டி. கார்டு கூட்டம் கண்ணாடிக் கட்டடத்துக்கு. தூக்குவாளிக் கூட்டம் ஷெட்டுக்கு.

1960-கள்ல சிறுதொழில்களுக்காக உருவான பேட்டை இது. அப்புறமா சாஃப்ட்வேர் கம்பெனிகளும் வந்து சேர்ந்தாச்சு. அதனால இங்கே ஒரு விசித்திரமான காட்சி தினமும் இலவசம். ஒரு பக்கம் ஏ.சி. பில்டிங், வாசல்ல செக்யூரிட்டி. எதிர்ப்பக்கம் லேத், மில்லிங், கிரைண்டிங், பவுடர் கோட்டிங், ஸ்பிரிங் சுத்தற பட்டறைன்னு வரிசையா ஷெட். கண்ணை மூடிக்கிட்டு நடந்தாக்கூட எங்கே இருக்கோம்னு சொல்லிடலாம். இரும்பு சீவற சத்தம், கூலன்ட் எண்ணெய் வாசனை, அதுக்கு நடுவுல டீக்கடையில வடை பொரியற வாசனை. ரோட்டு ஓரத்துல சுருள் சுருளா மின்னற இரும்புச் சீவல் மூட்டைகள். வெறுங்காலோட மட்டும் நடந்துடாதீங்க!

தூக்குவாளிக் கூட்டத்துக்குப் பின்னாடியே நடந்தா, ஒரு சந்துக்குள்ளே நான் ட்ரெயினிங் போன ஷெட். அங்கே மொத்தம் அஞ்சு பேர். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். மூலையில பீரோ மாதிரி பெருசா நிக்குது ஒரு வி.எம்.சி. அதாவது கம்ப்யூட்டர் சொல்ற பாதையில டூலை நகர்த்தி, இரும்பைக் குடைஞ்சு மோல்டு செய்யற மெஷின். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. என்னைவிட வயசு ஜாஸ்தி. பக்கத்துல ஒரு மர டேபிள். தூசி படாம இருக்க பாலிதீன் கவர் போட்டு ஒரு கம்ப்யூட்டர். அதுதான் நம்ம ஹீரோ. வில்லனும் அதுக்குள்ளேயேதான்.

சொட்டு சொட்டா ஊட்டணும்

இந்த வயசான மெஷினுக்கு ஞாபக சக்தி கம்மி. அதோட மெமரியில சில பத்து கிலோபைட் இடம்தான். ஒரு டிபன் பாக்ஸ் மூடிக்கு மோல்டு செய்யணும்னா, டூல் எங்கெங்கே போகணும்னு சொல்ற புரோகிராம் மெகாபைட் கணக்குல வரும். எப்படி உள்ளே போகும்? போகாது. அதனால பக்கத்துல ஒரு கம்ப்யூட்டரை வெச்சு, சீரியல் கேபிள் வழியா ஒவ்வொரு வரியா அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. மெஷின் ஒரு வரியை வாங்கும், அந்தத் தூரம் நகரும், அடுத்த வரியைக் கேட்கும். குழந்தைக்கு ஸ்பூன்ல சோறு ஊட்டற மாதிரிதான். இதுக்குப் பேரே டிரிப் ஃபீட்.

ஸ்பூன் வர லேட் ஆனா குழந்தை அழும். வரி வர லேட் ஆனா மெஷின் நிக்கும். டூல் சுத்திக்கிட்டே ஒரே இடத்துல நின்னா, அந்த இடத்துல ஒரு சின்னத் தழும்பு விழும். மோல்டுல விழுந்த தழும்பு, அந்த மோல்டுல அடிக்கிற ஒவ்வொரு மூடியிலயும் விழும். கஸ்டமர் வெரலால தடவிப் பார்த்துட்டு, 'வேணாம்'னு திருப்பி அனுப்பிடுவார்.

நான் போன நேரத்துல அங்கே அதுதான் நடந்துக்கிட்டு இருந்தது. ரொம்ப வருஷமா எம்.எஸ். டாஸ்ல ஓடின பழைய பிசி ஒரு மழை நாள்ல கரன்ட் ஏறி இறங்கினதுல போயிடுச்சு. அனுப்பற சாஃப்ட்வேர் டாஸ்ல மட்டும்தான் ஓடும். ஓனர் ரிச்சி ஸ்ட்ரீட் போய், சீரியல் போர்ட் இருக்கிற ஒரு செகண்ட் ஹேண்ட் பிசியைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தார். கடைக்காரர் அதுல ஃப்ரீடாஸ் போட்டுக் கொடுத்தார். சாஃப்ட்வேர் ஓடிச்சு. மெஷினும் ஓடிச்சு. ஆனா...

"நொண்டுது தம்பி"ன்னார் ஓனர். "பழைய பிசி பென்டியம். இது அதைவிட எத்தனையோ மடங்கு ஸ்பீடு. ஆனா ரெண்டு மணி நேர ஜாப் அஞ்சு மணி நேரத்துக்கு மேல இழுக்குது. கேபிள் மாத்திட்டேன். ராம் மாத்திட்டேன். பிசியையே மாத்தி, இதைவிட ஸ்பீடா இன்னொண்ணும் போட்டுப் பார்த்துட்டேன். அதே நொண்டல்தான்."

ஒரு மோல்டு ஏற்கெனவே ரிஜெக்ட். அடுத்தது சனிக்கிழமை கொடுக்கணும். அதுவும் போச்சுன்னா கஸ்டமர் போயிடுவார். 'இந்த மெஷினைக் கட்டி அழ முடியாது'ன்னு, திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொல்லி பழைய மெஷின் வாங்கற ஒருத்தருக்கு ஓனர் போனே பண்ணிட்டார். மெஷின் போனா, அதை ஓட்டற ஆபரேட்டருக்கும் அங்கே வேலை இல்லை. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு தினமும் அரக்கோணம் பக்கத்துலேர்ந்து ட்ரெயின்ல வர்ற பையன். என்னைவிட நாலு வயசு பெரியவர். வாங்கற சம்பளத்துல தங்கச்சி படிக்குது.

அவர்தான் அந்த அதிசயத்தை எனக்குக் காட்டினார். மெஷின் விட்டு விட்டு ஓடிக்கிட்டு இருக்கு. அவர் மவுஸைப் பிடிச்சு டேபிள் மேல இப்படியும் அப்படியும் ஆட்டினார். மெஷின் வழுக்கிக்கிட்டு ஓட ஆரம்பிச்சுது. நிறுத்தினார். திரும்பவும் நொண்டல். ஆட்டினார். ஓட்டம்!

"ரெண்டு வாரமா சொல்றேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நைட் ஷிஃப்ட்ல ஒரு கையால இதை ஆட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்"னார். ஓனர் காதுல அது விழுந்ததும் சிரிச்சுட்டார். "மெஷின் ஓட மவுஸை ஆட்டணுமா? இது என்ன, மாவு ஆட்டற கிரைண்டரா?"

கிளம்புங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு!

மறுநாள் மதியம் நானும் ஆபரேட்டர் அண்ணாவும் அந்த சி.பி.யூ.வைப் பழைய பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு ட்ரெயின் ஏறினோம். ஷெட் வேலைக்கு ஒரு நாள் லீவு விட்டா சனிக்கிழமை இன்னும் நெருங்கும். ஆனா வேற வழியில்லை.

நீங்க முதல் தடவை போறதா இருந்தா வழி சொல்றேன். சென்ட்ரல்லேர்ந்து மெட்ரோல ஒரே ஸ்டாப், கவர்ன்மென்ட் எஸ்டேட். மேலே ஏறி வந்தா அண்ணா சாலை. அங்கேர்ந்து நடந்து போற தூரம்தான். ரிச்சி ஸ்ட்ரீட்னு பொதுவாச் சொல்றோமே தவிர, அது ஒரே தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடுன்னு சுத்தி இருக்கிற சந்தெல்லாம் சேர்ந்ததுதான். இதுல மீரான் சாகிப் தெருவுக்கு இன்னொரு புகழும் உண்டு. சினிமா விநியோகஸ்தர்கள் ஆபீஸ் வரிசையா இருந்த தெரு அது. அதனால அப்போ ஒரே நடையில படப்பெட்டி விவகாரத்தையும் பார்த்திருக்கலாம், பவர் சப்ளை விவகாரத்தையும் பார்த்திருக்கலாம்.

ரேடியோ பாகங்கள் வித்த காலத்துலேர்ந்து இருக்கிற மார்க்கெட் இது. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தது இதுதான்னு இங்கே பெருமையாச் சொல்வாங்க. உள்ளே நுழைஞ்சதும், "என்னா பாஸ் வேணும்? லேப்டாப்பா? சி.சி.டி.வி.யா? டோனர் ரீஃபில்லா?"ன்னு நாலு பக்கமும் குரல் வரும். அசராம நடங்க. ரோட்டு மேலேயே ரிமோட், சார்ஜர், கேபிள் குவியல். மாடிப்படி இருட்டா இருக்கும். பயப்படாம ஏறுங்க. நிஜமான ரிச்சி ஸ்ட்ரீட் மாடியிலதான். மதர்போர்டை மடியில வெச்சுக்கிட்டு, லென்ஸை மாட்டிக்கிட்டு, சால்டரிங் புகைக்கு நடுவுல உக்காந்திருக்கற டாக்டர்கள் அங்கேதான் இருக்காங்க.

இன்னொரு விஷயம். உங்க அண்ணன் அக்கா யாராவது விண்டோஸ் காசை மிச்சம் பிடிக்கிறதுக்காக 'டாஸ் லேப்டாப்' வாங்கியிருப்பாங்களே? பெட்டியிலேர்ந்து எடுத்து ஆன் பண்ணினா கறுப்பு ஸ்கிரீன் மட்டும் வருமே? அந்த லேப்டாப்கள்ல பலதுல இருந்தது இதே ஃப்ரீடாஸ்தான். வாங்கின அன்னிக்கே அதை அழிச்சுட்டு வேற ஏதாவது போட்டுடுவாங்க. தான் வாங்கினது ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம்னே பலருக்கும் தெரியாது.

நாங்க போன கடையில ஒரு பெரியவர். எல்லாரும் பாய்னு கூப்பிடறாங்க. பெட்ஷீட்டைப் பிரிச்சதும், "என்னா கம்ப்ளெய்ன்ட்?"ன்னார். நான் போர்ட், கேபிள், பாட் ரேட்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன். அவர் கண்டுக்கவே இல்லை. அண்ணா மெதுவா, "மவுஸை ஆட்டினா நல்லா ஓடுது பாய்"னார்.

பாய் நிமிர்ந்து உக்காந்தார். "அத மொதல்ல சொல்லு!"

தூங்கறவனும் காத்திருக்கறவனும்

பாய் சொன்னதை என் பாஷையில சொல்றேன். கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும். ஆனா இதுதான் கதையோட உயிர், தாண்டிப் போயிடாதீங்க.

டாஸுக்கு ஓய்வுன்னா என்னன்னே தெரியாது. நீங்க எதையும் டைப் பண்ணாம டீ குடிக்கப் போனாலும், 'ஏதாவது கீ அழுத்தினாங்களா? இப்போ? இப்போ?'ன்னு கீபோர்டைக் கேட்டுக்கிட்டே பிராசஸரை முழு வேகத்துல ஓட்டிக்கிட்டு இருக்கும். கரன்ட்ல ஓடற டேபிள் கம்ப்யூட்டர்ல யாரும் கவலைப்படலை. பேட்டரியில ஓடற லேப்டாப் வந்ததும் பிரச்னையாயிடுச்சு. 1992-ல இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏ.பி.எம்.னு ஒரு பவர் மேனேஜ்மென்ட் முறையைக் கொண்டு வந்தாங்க. 1993-ல வந்த எம்.எஸ். டாஸ் 6-ல பவர்னு ஒரு குட்டி புரோகிராம் இருந்தது. ஃப்ரீடாஸ்ல அதே வேலையைச் செய்யறது எஃப்.டி.ஏ.பி.எம்.

இதுங்க எப்படிக் கரன்ட்டை மிச்சம் பிடிக்குது? ஒரு புரோகிராம் கீபோர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தா, 'சரி, இவனுக்கு வேற வேலை இல்லை'ன்னு முடிவு பண்ணி, ஹால்ட்னு ஒரு கட்டளை போட்டு பிராசஸரைத் தூங்க வெச்சுடும். ஹாஸ்டல்ல ரூமுக்குள்ளே சத்தம் கேட்கலைன்னதும் யாரும் இல்லைன்னு மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போற வாட்ச்மேன் மாதிரி. உள்ளே நீங்க மறுநாள் எக்ஸாமுக்கு சத்தமில்லாம படிச்சுக்கிட்டு இருப்பீங்க!

நம்ம டிரிப் ஃபீட் சாஃப்ட்வேரும் அப்படித்தான் படிச்சுக்கிட்டு இருந்தது. ஒரு வரி அனுப்பும். உடனே கீபோர்டைப் பல தடவை பார்க்கும். ஏன்? டூல் தப்பான இடத்துல இறங்கினா ஆபரேட்டர் எஸ்கேப் கீயை அழுத்துவார். அந்த நொடியே நிறுத்தணுமே. அதாவது அது சும்மா இல்லை, உஷாரா இருக்கு. ஆனா எஃப்.டி.ஏ.பி.எம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தூங்க வெச்சுடுச்சு.

தூங்கின பிராசஸர் எப்போ எழுந்திருக்கும்? ஏதாவது ஒரு இன்டரப்ட் வந்து தட்டினாத்தான். வேற யாரும் தட்டலைன்னா டைமர் தட்டும். அது நொடிக்கு 18.2 தடவை. அதாவது 55 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. இந்த விசித்திரமான எண் எங்கேர்ந்து வந்ததுன்னு தேடினா நேரா 1981-க்குப் போகும். அந்த வருஷம் வந்த ஐ.பி.எம். பிசியில 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒண்ணைப் போட்டாங்க. அமெரிக்க கலர் டிவி சிக்னலுக்கான அதிர்வெண்ணோட சரியா நாலு மடங்கு அது. அதை 12-ஆல வகுத்து, வர்றதை 65,536-ஆல வகுத்தா 18.2. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. அமெரிக்காவுல டிவி பார்க்கறவங்களுக்காக வந்த எண், அம்பத்தூர்ல மோல்டுல தழும்பு போட்டுக்கிட்டு இருந்தது!

ஓனர் எவ்வளவு வேகமான பிசி வாங்கியும் ஏன் நொண்டினதுன்னு இப்போ புரியுதா? ஓடற நேரத்துலதான் வேகம் உதவும். இங்கே பிரச்னை தூங்கற நேரம். எவ்வளவு புது பிராசஸரா இருந்தாலும் அதே 55 மில்லிசெகண்ட் அலாரத்துக்குத்தான் காத்திருக்கும்.

கணக்கைப் பாருங்க. 9,600 பாட் ரேட்ல ஒரு எழுத்துக்கு 10 பிட். ஆக நொடிக்கு 960 எழுத்து. ஒரு வரிக்கு சராசரியா 20 எழுத்துன்னா நொடிக்கு 48 வரி போகணும். தூக்கம் வந்ததால போனது 18 வரி. ஒரு வரிக்கு டூல் 0.1 மில்லிமீட்டர் நகருதுன்னா, நிமிஷத்துக்கு 288 மில்லிமீட்டர் ஓட வேண்டிய மெஷின் 109-தான் ஓடும். ரெண்டு மணி நேர ஜாப் அஞ்சேகால் மணி நேரம். ஓனர் சொன்ன அதே கணக்கு!

அப்போ மவுஸ்? மவுஸை ஆட்டினா ஒவ்வொரு அசைவுக்கும் இன்டரப்ட் வரும். நொடிக்கு நூத்துக்கணக்குல வந்து பிராசஸரைத் தட்டித் தட்டி எழுப்பும். அதாவது நம்ம அண்ணா ரெண்டு வாரமா ராத்திரி முழுக்க ஒரு கையால பிராசஸரைத் தூங்க விடாம பார்த்துக்கிட்டு இருந்திருக்கார். காரணம் தெரியாது. ஆனா அவர் பார்த்தது நூத்துக்கு நூறு சரி.

ஒரே வார்த்தை வைத்தியம்

பாய் பெருசா எதையும் கழட்டலை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது என்னென்ன ஓடணும்னு எழுதி வெச்சிருக்கற ஸ்டார்ட் அப் ஃபைலைத் திறந்தார். ஃப்ரீடாஸை இன்ஸ்டால் பண்ணும்போதே எஃப்.டி.ஏ.பி.எம். வரி தானா அதுல உக்காந்திருந்தது. "நானும் போடல, அவரும் போடல, அதுவா வந்து உக்காந்துகிச்சு. அதான் யாரும் தேடல"ன்னார். அந்த வரிக்கு முன்னாடி 'ரெம்'னு மூணு எழுத்து அடிச்சார். 'இதைப் படிக்காம தாண்டிப் போ'ன்னு டாஸுக்கு அர்த்தம். சேவ் பண்ணினார். ரீஸ்டார்ட்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிசியோட கேபிள் போட்டு, 1,000 வரி இருக்கிற ஒரே ஃபைலை ரெண்டு தடவை அனுப்பினோம். நான்தான் செல்போன்ல ஸ்டாப் வாட்ச் பிடிச்சேன். எஃப்.டி.ஏ.பி.எம்.மோட 55 நொடி. இல்லாம 21 நொடி. மவுஸ் டேபிள் ஓரத்துல சும்மா கிடந்தது.

எவ்வளவு ஆச்சுன்னு கேட்டோம். "ரெண்டு டீ சொல்லு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மவுஸைக் கண்டுபுடிச்சவருக்கு"ன்னார். எனக்கு டீ சொல்லலை. நியாயம்தானே!

டாஸையும் விட்டுக் கொடுக்காத ஒருத்தர்

இந்த ஃப்ரீடாஸ் யார் செஞ்சதுன்னு தெரிஞ்சா கேம்பஸ்காரங்களான நமக்குக் கொஞ்சம் கர்வமாவே இருக்கும். அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ரிவர் ஃபால்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கிற யூனிவர்சிட்டியில ஜிம் ஹால்னு ஒரு ஃபிசிக்ஸ் ஸ்டூடண்ட். இனிமே டாஸுக்குத் தனி வாழ்க்கை இல்லை, எல்லாம் விண்டோஸ்தான்னு மைக்ரோசாஃப்ட் சொன்ன நேரம். இவருக்கு டாஸ் பிடிச்சிருந்தது. 1994 ஜூன் 29-ம் தேதி, 'எல்லாருக்கும் இலவசமா ஒரு டாஸை நாமே எழுதலாம்'னு அறிவிச்சார். உலகம் பூரா ஆள் சேர்ந்தாங்க. 2006-ல 1.0 வந்தது. 2025 ஏப்ரல்ல 1.4 வந்திருக்கு. எஃப்.டி.ஏ.பி.எம். எழுதினதும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான், எரிக் ஆவர்.

அதனால எஃப்.டி.ஏ.பி.எம்.மை வில்லன்னு திட்டாதீங்க. லேப்டாப்புக்கு அது நண்பன். எம்.எஸ். டாஸ் 6-ல கூட வர்ற ஹெல்ப்லயே, கம்ப்யூட்டர் ஒத்துழைச்சா 25 சதவிகிதம் வரைக்கும் பவர் மிச்சமாகும், இல்லைன்னா சுமார் 5 சதவிகிதம்தான்னு நேர்மையா எழுதியிருந்தாங்க. வேகம் குறைஞ்சா மிச்சம் பிடிக்கிற அளவைக் குறைச்சுக்கோங்கன்னு மினிமம், ரெகுலர், மேக்ஸிமம்னு மூணு அளவும் கொடுத்திருந்தாங்க. ஆக, வியாதியும் மருந்தும் 1993-லேயே ஒரே பக்கத்துல அச்சாகி இருந்தது. ஹெல்ப்பை யார் படிக்கிறாங்க?

ஷெட்ல என்ன ஆச்சு?

வியாழக்கிழமை சாயங்காலம் பிசியை மாட்டி ஜாப்பை ஓட்டினாங்க. முதல் பத்து நிமிஷம் யாரும் பேசலை. மெஷின் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இத்தனை நாளா விக்கி விக்கி வந்த சத்தம் ஒரே சீரா வந்தது. ஓனர் கூலன்ட்டைத் துடைச்சுட்டு மோல்டுல வெரல் வெச்சுத் தடவினார். திரும்பவும் தடவினார்.

அப்புறம் ஆபரேட்டரைப் பார்த்து, "ரெண்டு வாரமா சொன்னியே, நான்தான் காதுல வாங்கலை"ன்னார். அவ்வளவுதான். பெரிய டயலாக் எல்லாம் இல்லை. ஆனா அந்த அண்ணா முகத்தை நீங்க பார்த்திருக்கணும். ஓனர் வெளியே போய் போன் பண்ணினது உள்ளே வரைக்கும் கேட்டுச்சு. "திங்கக்கெழம வர வேணாம்ணே. மெஷினைக் குடுக்கறதா இல்ல."

எனக்கு ட்ரெயினிங் சர்ட்டிஃபிகேட் கொடுத்தாங்க. அதுல 'சி.என்.சி. புரோகிராமிங்'னு போட்டிருக்கு. நான் நிஜமா கத்துக்கிட்ட பாடம் வேற. ஒரு மெஷின் நொண்டினா, முதல்ல அதுகிட்ட ராத்திரி பகலா உக்காந்திருக்கற ஆளைக் கேளுங்க. அவர் சொல்றது காமெடியாத் தோணினா, இன்னும் கவனமாக் கேளுங்க.

உங்க வீட்லயும் டாஸ் இருக்கா?

பழைய பில்லிங் சாஃப்ட்வேர், பழைய கேம்ஸ், லேப் மெஷின்னு ஏதாவது டாஸ்ல நொண்டினா இதை எல்லாம் பாருங்க:

* மவுஸை ஆட்டினா வேகம் கூடுதா? கூடினா பவர் மேனேஜ்மென்ட் மேல சந்தேகப்படலாம்.

* ஸ்டார்ட் அப் ஃபைல்ல எஃப்.டி.ஏ.பி.எம்., கான்ஃபிக் ஃபைல்ல பவர் அல்லது ஐடில்ஹால்ட்னு வரி இருந்தா, முன்னாடி 'ரெம்' போட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அழிச்சுடாதீங்க, பின்னாடி தேவைப்படலாம்.

* லேப்டாப்னா பயாஸ் செட்டப்லயும் ஒரு தடவை பாருங்க. ஸ்பீட்ஸ்டெப் மாதிரி மிச்சம் பிடிக்கிற ஆப்ஷன் இருந்தா, வேகத்தைத் திரும்பக் கூட்டச் சொல்றதுக்கு டாஸ்ல ஆள் கிடையாது.

* விண்டோஸ் 95, 98-க்குள்ளே டாஸ் புரோகிராம் ஓட்டறீங்களா? அதோட பிராப்பர்டீஸ்ல 'ஐடில் சென்சிடிவிட்டி'ன்னு ஒரு நகர்த்தி இருக்கும். அதுவும் இதே குடும்பம்தான். குறைச்சு வைங்க.

* எஃப்.டி.ஏ.பி.எம்.மை எடுத்துட்டா பிராசஸர் ஓய்வே இல்லாம ஓடும், சூடாகும். ஃபேன்ல தூசி இருந்தா முதல்ல அதைத் துடைங்க. பேட்டரியில ஓடற லேப்டாப்லயும், விர்ச்சுவல் பாக்ஸுக்குள்ளே ஓடற டாஸ்லயும் அது இருக்கிறதுதான் நல்லது.

ஒருநாள் லீவு கிடைச்சா காலையில பட்டரவாக்கம், மதியத்துக்கு மேல ரிச்சி ஸ்ட்ரீட்னு ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வாங்க. காசு கம்மி, அனுபவம் ஜாஸ்தி. ஞாயித்துக்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க. ஷெட்டும் பூட்டியிருக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்ல பெரும்பாலான கடையும் பூட்டியிருக்கும்!